ஆஸ்பத்திரிக் கிருமிகளும் கேட்காத மருந்துகளும்: நீலகிரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீலகிரியில் ஒரு மருத்துவமனையின் ஆய்வகத்தில் கிருமி வளர்த்துப் பார்க்கும் வேலை என்னுடையது. கல்ச்சர் ரிப்போர்ட் வாங்க வருபவர்கள் ஜன்னலில் நின்று கேட்கும் கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். எந்த மருந்து, எத்தனை நாள் என்பதை நோயாளியைப் பார்க்கும் டாக்டரிடமே கேளுங்கள். அவரிடம் என்ன கேட்பது, என்ன சொல்வது என்று தெரிந்துகொள்ள இது உதவும்.

ரிப்போர்ட்டில் வரிசையாக ‘ஆர்’ என்று போட்டிருக்கிறது. ஒரு மருந்தும் கேட்காதா?

பதறாதீர்கள். அந்தத் தாள் எப்படி உருவாகிறது என்று முதலில் பாருங்கள். சிறுநீரிலோ ரத்தத்திலோ சீழிலோ இருந்து வளர்ந்த கிருமியை ஒரு வட்டத் தட்டு முழுக்க மெல்லிசாகப் பூசுவோம். அதன்மேல் மருந்து ஏற்றிய சின்னக் காகித வில்லைகளை இடைவெளி விட்டு வைப்போம். 35 டிகிரி சூட்டில் ஓர் இரவு. காலையில் எடுத்தால் தட்டெங்கும் வெளுப்பாகக் கிருமி படர்ந்திருக்கும். மருந்து கேட்டிருந்தால், அந்த வில்லையைச் சுற்றி மட்டும் கிருமியே இல்லாமல் ஒரு வட்டம் பளிச்சென்று தெரியும். கேட்காவிட்டால், வில்லையின் விளிம்பு வரை வந்து ஒட்டி நிற்கும். வட்டத்தின் குறுக்களவை மில்லிமீட்டரில் அளந்து, அந்த மருந்துக்கும் அந்தக் கிருமிக்கும் உரிய அட்டவணையோடு ஒப்பிட்டு எழுதுவதுதான் எஸ், ஐ, ஆர். எஸ் என்றால் கேட்கும், ஆர் என்றால் கேட்காது. ஐ இரண்டுக்கும் நடுவே: வழக்கமான அளவில் சந்தேகம், அளவைக் கூட்டினாலோ சிறுநீர் போல மருந்து நிறையச் சேரும் இடத்திலோ கேட்கலாம்.

எத்தனை ஆர் என்று எண்ணிப் பயனில்லை, எதற்கு நேரே ஆர் என்பதுதான் கணக்கு. கிளெப்சியெல்லா என்ற கிருமி ஆம்பிசிலினுக்கு இயல்பாகவே அடங்காது. அதற்கு நேரே ஆர் இருந்தால் செய்தியே இல்லை. மெரோபெனம் என்ற வலுவான மருந்துக்கு நேரே ஆர் வந்தால், தாள் அச்சாகும் வரை காத்திராமல் நாங்கள் வார்டுக்குப் போன் செய்கிறோம்.

தட்டைப் போட்டோவில் பார்த்துவிட்டு, “பெரிய வட்டம் வந்த மருந்தைக் கொடுக்கலாமே” என்று கேட்பவர்களும் உண்டு. வட்டத்தின் அளவு மருந்துக்கு மருந்து மாறும். ஒன்றுக்கு 15 மில்லிமீட்டரே போதும், இன்னொன்றுக்கு 22 வந்தாலும் போதாது. எஸ் போட்டவற்றில் எது நோய் இருக்கும் இடத்தில் போய்ச் சேரும், எது சிறுநீரகத்துக்கு ஆகும், எதை இப்போது தொடாமல் வைக்கலாம் என்று பார்த்துத்தான் டாக்டர் எடுப்பார்.

கல்ச்சருக்கு ஏன் மூன்று நாள்? ரத்தம் வேறு இவ்வளவு எடுக்கிறார்களே?

ஈ.கோலை போன்ற கிருமி தோதான சூட்டில் 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாகும். அப்படியும் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளர ஒரு நாள், இன்னது என்று அறிந்து மருந்துகளோடு மோதவிட்டுப் பார்க்க இன்னொரு நாள். ரத்தத்தில் கிருமி மிகக் குறைவாகத்தான் இருக்கும். பெரியவர்களுக்கு ஒரு மில்லி ரத்தத்தில் ஒன்றிரண்டு இருந்தாலே அதிகம் என்ற நிலைகூட உண்டு. அதனால்தான் ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி. இரண்டு கையிலும் எடுப்பது, தோலில் இருக்கும் அப்பாவிக் கிருமி ஊசியோடு உள்ளே போய் நம்மை ஏமாற்றிவிடாமல் இருக்க. ஒரு கை பாட்டிலில் மட்டும் வளர்ந்தால் சந்தேகப்படுவோம், இரண்டிலும் வளர்ந்தால் நம்புவோம்.

ரிப்போர்ட் வருமுன்பே பெரிய ஊசி போட்டார்கள், வந்த பிறகு நிறுத்திவிட்டுச் சின்ன மருந்து தருகிறார்கள். செலவைக் குறைக்கவா?

இல்லை. கிருமி ரத்தத்தில் ஏறி ரத்த அழுத்தம் விழுந்தவருக்கு ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் போக வேண்டும். மூன்று நாள் காத்திருந்தால் ஆள் இருக்க மாட்டார். ஆகவே முதல் ஊசி அனுபவத்தில் செய்யும் ஊகம். அகல வலை வீசுகிறார்கள். கிருமி யாரென்று தெரிந்ததும் அதற்கு மட்டும் போதுமான மருந்துக்கு இறங்குவதுதான் சரியான வைத்தியம். உலக சுகாதார நிறுவனம் 2017 முதல் ஆன்டிபயாடிக்குகளை மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறது: தாராளமாகக் கொடுக்கக்கூடியவை, கண்காணித்துக் கொடுக்க வேண்டியவை, கடைசிக்கென்று ஒதுக்கி வைக்க வேண்டியவை. கடைசிப் பெட்டியை டாக்டர் சீக்கிரம் மூடினால் சந்தோஷப்படுங்கள்.

என்னைக் கேட்டால், வீட்டார் டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: “முதல் ஊசிக்கு முன்னால் கல்ச்சர் எடுத்தாச்சா?” சண்டைக்கு அல்ல, சாதாரணமாகவே கேட்கலாம். மருந்து உள்ளே போன பிறகு எடுத்தால் கிருமி பாதி செத்துத் தட்டில் வளராது. அப்போது ‘வளர்ச்சி இல்லை’ என்று நாங்கள் எழுதுவோம். நோய் இல்லை என்று அதற்கு அர்த்தமில்லை, எங்களுக்கு ஆள் அகப்படவில்லை என்றுதான் அர்த்தம். வருவதற்கு முன் மருந்துக்கடையில் வாங்கி இரண்டு வேளை விழுங்கியிருந்தாலும் இதே கதைதான். மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பெயர் நினைவில்லை என்றால் காலி அட்டையைக் கொண்டு வந்தால் போதும்.

மஞ்சூரிலிருந்து சிறுநீரைப் பாட்டிலில் கொடுத்தனுப்பலாமா?

பஸ்ஸில் வந்து சேர்வதற்குள் பாட்டிலுக்குள்ளேயே கிருமி பெருகிவிடும். அப்புறம் எண்ணிக்கை பொய்யாகும், தேவையில்லாமல் ஒருவர் மருந்து சாப்பிடுவார். இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வகத்துக்கு வர வேண்டும், முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வைத்துக் குளிரோடு கொண்டுவர வேண்டும். “ஊட்டிக் குளிரே போதுமே” என்பார்கள். போதாது. ஃபிரிட்ஜின் 4 டிகிரி வேறு, சட்டைப் பைக்குள் வரும் பாட்டில் வேறு. நோயாளியையே அழைத்து வந்து, சுத்தம் செய்து, முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடித்துக் கொடுப்பது உத்தமம்.

சிறுநீரில் கிருமி இருக்கிறது என்று ரிப்போர்ட் சொல்கிறது, டாக்டர் மருந்தே தரவில்லையே?

அவர் நல்ல டாக்டர். வயதானவர்களுக்கும் டியூப் போட்டவர்களுக்கும் எந்தத் தொந்தரவும் இல்லாமலே சிறுநீரில் கிருமி இருக்கும். எரிச்சல், காய்ச்சல், இடுப்பு வலி எதுவும் இல்லை என்றால் பெரும்பாலும் மருந்து வேண்டாம். கர்ப்பிணிகளும், சிறுநீர்ப் பாதையில் ஆபரேஷன் செய்யப் போகிறவர்களும் விதிவிலக்கு.

இந்தியாவில் நிலைமை உண்மையில் எவ்வளவு மோசம்?

மோசம்தான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2013 முதல் பெரிய மருத்துவமனைகளை இணைத்துக் கணக்கெடுத்து வருகிறது. அதன்படி, இமிபெனம் என்ற வலுவான மருந்துக்கு அடங்கும் ஈ.கோலை 2016-இல் 86 சதவீதமாக இருந்து 2021-இல் 64 சதவீதமானது. கிளெப்சியெல்லா அதே காலத்தில் 65-லிருந்து 43-க்கு இறங்கியது. ஐசியூவில் வென்டிலேட்டர் நோயாளிகளைப் பிடிக்கும் அசினெட்டோபேக்டர் என்ற கிருமியில், 10-க்கு 8-க்கும் மேல் இந்த வகை மருந்துகளுக்கு அடங்குவதில்லை. உலக அளவில், மருந்து கேட்காத கிருமிகளே நேரடிக் காரணமாக 2019-இல் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்ததாக 2022-இல் வந்த ஆய்வு சொன்னது. அவை ஏதோ ஒரு விதத்தில் பங்கு வகித்த சாவுகள் 49.5 லட்சம்.

ஆனால் இந்த எண்களை அப்படியே மலைக்குப் பொருத்தாதீர்கள். பெரிய மருத்துவமனைகளுக்குப் போகிறவர்கள் ஏற்கெனவே நாலு இடம் பார்த்துவிட்டுப் போகிறவர்கள். கோத்தகிரியில் கொழுந்து பறிக்கும் ஒரு அக்கா நீர்க்கடுப்பு என்று நேரே வீட்டிலிருந்து வந்தால், அவருடைய ஈ.கோலை பழைய மலிவான மருந்துக்கே பெரும்பாலும் அடங்கும். பெரிய மருத்துவமனைகளின் கணக்கைப் பார்த்து அவருக்கு மெரோபெனம் ஏற்றினால் அது அநியாயம். ஒவ்வொரு மருத்துவமனையும் தன் தட்டுகளில் வளர்ந்ததை வருஷத்துக்கு ஒரு முறை கூட்டிப் பார்த்து, எந்தக் கிருமிக்கு எந்த மருந்து எத்தனை சதவீதம் கேட்கிறது என்று தனக்கென ஒரு பட்டியல் வைத்துக்கொள்வது இதனால்தான். மலையில் தட்டு குறைவு, பட்டியல் தயாரிப்பது கஷ்டம். இருந்தாலும் இரவல் பட்டியலைவிடச் சின்ன சொந்தப் பட்டியல் மேல்.

மலைக் காற்று சுத்தம், கூட்டம் குறைவு. இந்தக் கிருமி இங்கே எப்படி வந்தது?

சாலை வழியாக. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஆம்புலன்ஸ் இறங்குகிறது. கோவையில் ஐசியூவில் பத்துப் பதினைந்து நாள் இருந்துவிட்டு, தேறியதும் மிச்ச சிகிச்சைக்கு நோயாளி மேலே வருகிறார். கூடலூர், பந்தலூர்காரர்கள் சுல்தான் பத்தேரி, பெரிந்தல்மண்ணா, கோழிக்கோடு என்று மறுபக்கம் போய்த் திரும்புகிறார்கள். உதகையில் அரசு மருத்துவக் கல்லூரி வந்த பிறகு மேலேயே பார்ப்பது கூடியிருக்கிறது, ஆனாலும் இந்தப் போக்குவரத்து நிற்காது, நிற்கவும் வேண்டாம்.

போய்வந்தவரின் குடலில் அடங்காத கிருமி மாதக்கணக்கில் சும்மா தங்கியிருக்கும். அவருக்கே தெரியாது. இதில் இன்னொரு விஷயம்: எதிர்ப்பைத் தரும் மரபணு பெரும்பாலும் தனியே கழன்று போகக்கூடிய ஒரு வளையத்தில் இருக்கிறது. விளைந்த உருளைக்கிழங்கில் நல்ல விதைக் கிழங்கைப் பக்கத்துத் தோட்டக்காரருக்கும் கொடுப்பது போல, ஒரு கிருமி அதைப் பக்கத்தில் இருக்கும் வேறு ஜாதிக் கிருமிக்கும் கொடுத்துவிடும். மெரோபெனம் வகை மருந்துகளையே செயலிழக்கச் செய்யும் என்டிஎம் (நியூ டெல்லி மெட்டாலோ-பீட்டா-லாக்டமேஸ்) என்று 2009-இல் பெயரிடப்பட்ட மரபணு அப்படித்தான் பரவியது. 2010-இல் வெளியான ஆய்விலேயே சென்னை மாதிரிகளிலும் அது இருந்தது. பெயரில் டெல்லி ஏன் என்று அப்போது பெரிய சச்சரவு நடந்தது. கிருமிக்கு அதெல்லாம் பொருட்டில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். வெளியூர் மருத்துவமனையில் தங்கியிருந்தால் டிஸ்சார்ஜ் தாளையும் கல்ச்சர் ரிப்போர்ட்டையும் தொலைக்காமல் கொண்டு வாருங்கள். ஸ்கேன் படத்தைப் பத்திரமாகச் சுருட்டிக் கொண்டு வருகிறவர்கள் இந்த ஒற்றைத் தாளை மட்டும் விட்டுவிட்டு வருகிறார்கள். அங்கே எது கேட்கவில்லை என்று தெரிந்தால் இங்கே முதல் ஊசியின் ஊகம் எவ்வளவோ கூர்மையாகும். செல்போனில் படம் எடுத்து வைத்திருந்தாலும் போதும்.

எங்கள் அப்பா காலை உடைத்துக்கொண்டு வந்தார். கிருமி ஆஸ்பத்திரியில்தானே ஒட்டியது?

இருக்கலாம். அட்மிட் ஆகி 48 மணி நேரத்துக்குப் பிறகு தொடங்கும் தொற்றைப் பொதுவாக மருத்துவமனையில் வந்ததாகவே கணக்கு வைக்கிறோம். சிறுநீர் டியூப், கழுத்தில் போடும் பெரிய லைன், வென்டிலேட்டர் குழாய், ஆபரேஷன் காயம்: இந்த நாலும்தான் முக்கிய வாசல்கள். எல்லாமே உயிரைக் காக்கப் போட்டவை, தேவை முடிந்த பிறகும் எடுக்காமல் விடும்போது வினையாகின்றன. காலை ரவுண்டில், “இந்த டியூப் இன்னும் வேணுமா டாக்டர்?” என்று கேட்பது உங்கள் உரிமை. எனக்குத் தெரிந்த நல்ல சிஸ்டர்கள் அதை அவர்களே கேட்டுவிடுவார்கள்.

யூரின் பையைக் கட்டிலின் சட்டத்தில், இடுப்பு மட்டத்துக்குக் கீழே, தரையைத் தொடாமல் தொங்கவிடுங்கள். நோயாளியைத் தள்ளுவண்டியில் எக்ஸ்ரேக்குக் கொண்டு போகும்போது பையைத் தூக்கி அவர் வயிற்றின்மேல் வைக்கிறார்கள். வைத்தவுடன் குழாயில் நின்ற மஞ்சள் நீர் பின்னோக்கி உள்ளே ஓடுவது கண்ணுக்கே தெரியும். அந்த நீரோடு கிருமியும் ஏறும்.

பார்க்க வருகிறவர்கள் கட்டிலில் உட்காராதீர்கள். ஹட்டியிலிருந்து (படுகர் கிராமத்திலிருந்து) ஜீப் நிறைய வருவது பாசம்தான், புரிகிறது. இரண்டு பேர் உள்ளே வந்தால் மற்றவர்கள் வெளியே இருக்கட்டும்.

டிசம்பர் குளிரில் ஐஸ் மாதிரித் தண்ணீர். கை கழுவச் சொன்னால் எப்படி?

கிருமியை நீக்குவது சோப்பும் தேய்ப்பும், தண்ணீரின் சூடு அல்ல. அதற்கும் முடியவில்லை என்றால் கட்டில் பக்கத்தில் இருக்கும் ஆல்கஹால் திரவம் போதும். உள்ளங்கை நிறைய எடுத்து, விரல் இடுக்கு, நகக்கண், கட்டைவிரல் எல்லாம் படும்படி 20, 30 வினாடி தேய்த்து உலரவிடுங்கள். கையில் அழுக்கு தெரிந்தால் சோப்பும் தண்ணீருமே வேண்டும். நோயாளிக்கு ஆன்டிபயாடிக்கால் பேதி போய்க்கொண்டிருந்தாலும் சோப்பும் தண்ணீரும்தான். குளோஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்ற கிருமியின் வித்துகள் ஆல்கஹாலுக்குச் சாகாது.

சளி, காய்ச்சலுக்குக் கடையில் இரண்டு அசித் (அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்) வாங்கிப் போட்டால் என்ன?

பெரும்பாலான சளி, தொண்டை வலி, இருமல் வைரஸால் வருபவை. ஆன்டிபயாடிக் அங்கே ஒன்றும் செய்யாது, குடலில் இருக்கும் நல்ல கிருமிகளைக் கொன்று அடங்காதவற்றுக்கு இடம் காலி செய்து கொடுக்கும். அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து என்று பொருள். 2014 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கும் ஹெச்1 அட்டவணைப்படி, வலுவான பல ஆன்டிபயாடிக்குகளை விற்கும் கடைக்காரர் டாக்டர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும்.

சட்டம் அப்படி. ஆனால் எஸ்டேட் லயனில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருப்பவர் டாக்டரைப் பார்க்க ஒரு நாள் கூலியை விட்டு, இரண்டு பஸ் மாறி, வரிசையில் நிற்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு வந்த இடத்தில் இரண்டு மாத்திரை வாங்குவது அவருக்கு நியாயமாகத்தான் தெரியும். அவரைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951 சொன்ன மருத்துவ வசதி எஸ்டேட்டுக்குள்ளேயே ஒழுங்காகக் கிடைத்தால் பாதிப் பேர் கடைக்கே போக மாட்டார்கள்.

ஒன்றை மட்டும் எல்லோருக்கும் சொல்கிறேன். தோட்டத்திலோ காட்டோரத்திலோ வேலை செய்பவருக்கு நாலைந்து நாளாகக் காய்ச்சல், தலைவலி, அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ கருகின பொருக்கு மாதிரிச் சின்னப் புண் என்றால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். அதற்கு டாக்ஸிசைக்ளின் என்ற பழைய, விலை குறைந்த மாத்திரை இன்னும் நன்றாகக் கேட்கிறது. கடை மாத்திரையில் நாளைக் கடத்தினால் ஐசியூ வரை போகும். அங்கே போய்விட்டால், மேலே சொன்ன நாலு வாசலும் கிருமிக்குத் திறந்துவிடும்.

உடம்பு சரியானாலும் கோர்ஸை முடிக்க வேண்டுமா?

டாக்டர் சொன்ன நாள் வரை சாப்பிடுங்கள், நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், நீட்டவும் வேண்டாம். அந்த நாள் கணக்கு இப்போது குறைந்து வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். சாதாரண நிமோனியா தேறி வந்தால் 5 நாள் போதும் என்கிறார்கள். ரத்தத்தில் ஏறிய பல கிருமிகளுக்கு 14 நாளுக்குப் பதில் 7 நாளே போதும் என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. நீண்ட நாள் தந்தால் எதிர்ப்பு வராது என்பது பழைய நம்பிக்கை, உண்மையில் நாள் கூடக் கூட குடல் கிருமிகள் எதிர்ப்பைப் பழகிக்கொள்கின்றன. காசநோய் முற்றிலும் வேறு. அதில் ஒரு வாரம் விட்டாலும் ஆபத்து.

எங்கள் பிள்ளைக்கு சிக்கிள் செல். தினமும் பென்சிலின் தரச் சொல்கிறார்கள். இது தப்பில்லையா?

தப்பில்லை, நீங்களாக நிறுத்தவே கூடாது. கூடலூர், பந்தலூர்ப் பக்கம் பழங்குடிக் குடும்பங்களில், ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துபோகும் இந்தப் பரம்பரை நோய் இருக்கிறது. இந்தக் குழந்தைகளின் மண்ணீரல் சின்ன வயதிலேயே பழுதாகிவிடுவதால் நிமோகாக்கஸ் கிருமி ரத்தத்தில் ஏறினால் சில மணி நேரத்தில் உயிர் போகலாம். அதைத் தடுக்கத்தான் தினசரி பென்சிலினும் தடுப்பூசிகளும். வாதக் காய்ச்சலில் இதய வால்வு கெட்டவர்களுக்கு 21 நாளுக்கு ஒரு முறை போடும் பெனிடியூர் என்ற பென்சிலின் ஊசியும் இதே போலத்தான். ‘ஆன்டிபயாடிக் கெடுதல்’ என்று எங்கோ கேட்டு இந்த இரண்டையும் விட்டுவிட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு உண்மையில் பயமாக இருக்கிறது.

தடுப்பூசிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

வராத நோய்க்கு மருந்து வேண்டாமே. 1907-இல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிலையம் செய்த தடுப்பூசிகள் எத்தனையோ பேருக்கு ஆன்டிபயாடிக்கே தேவைப்படாமல் செய்திருக்கும், அதற்குக் கணக்குப் புத்தகம் கிடையாது.

புது மருந்து ஏதும் வரவில்லையா?

வருகிறது, மெதுவாக. செஃபெபைம் என்ற ஆன்டிபயாடிக்குடன் சேர்த்துக் கொடுக்கும் என்மெட்டாசோபேக்டம் சென்னை நிறுவனமான ஆர்க்கிட் கண்டுபிடித்தது, 2024-இல் அமெரிக்காவும் அனுமதித்தது. நமக்குப் பெருமைதான். ஆனால் அது என்டிஎம் உள்ள கிருமிக்கு எடுபடாது. என்டிஎம்முக்கு இப்போது செஃப்டாசிடைம்-அவிபேக்டத்துடன் அஸ்ட்ரியோனம் சேர்த்துத் தருகிறார்கள். விலை சாதாரணக் குடும்பம் தாங்காது. இதெல்லாம் கிடைக்காத இடத்தில் கோலிஸ்டின். சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று ஒரு காலத்தில் ஓரம் கட்டிய மருந்தை வேறு வழியின்றித் தூசு தட்டி எடுத்திருக்கிறோம். அதையும் கோழித் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தார்கள். 2019 ஜூலையில்தான் மத்திய அரசு தடை செய்தது. பண்ணைக் கழிவு எருவாகித் தோட்டத்துக்கு வருகிறது என்பதால், கேரட்டைப் பிடுங்கிய இடத்திலேயே துடைத்துத் தின்னாமல் நல்ல தண்ணீரில் கழுவித் தின்னுங்கள். பயப்பட அவ்வளவுதான் இருக்கிறது.

இந்தக் கிருமி உள்ள நோயாளியை வீட்டுக்கு அழைத்துப் போகலாமா? குழந்தைகள் இருக்கிறார்கள்.

தாராளமாக. காய்ச்சல் நின்று, காயம் ஆறி, குடலில் மட்டும் கிருமி தங்கியிருந்தால் அதற்கு மருந்து கொடுத்து விரட்ட முயல்வதில்லை. கொடுத்தால் மோசமாகும். தட்டு, டம்ளர் தனியாக வைக்க வேண்டாம். ஒரே அறை லயன் வீட்டில் தனி அறைக்கு எங்கே போவது என்ற கவலையும் வேண்டாம். கழிப்பறை போய்வந்தால் அவரும், அவருக்கு உதவி செய்பவரும் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். துண்டு மட்டும் தனி. டியூபோடு வீட்டுக்கு வந்திருந்தால் பையைக் காலி செய்தவர் கை கழுவாமல் குழந்தைக்குச் சோறு ஊட்டக் கூடாது. அடுத்த முறை எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், அது பல் பிடுங்கவோ பிரசவத்துக்கோ ஆனாலும், பதிவுச் சீட்டு போடும்போதே அந்தப் பழைய ரிப்போர்ட்டை நீட்டுங்கள்.